மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்

ஏழாவது அத்தியாயத்தை எடுத்துவிடலாம் என்று பதிப்பாசிரியர் போனில் சொன்னபோது நான் மன்னார்குடி வீட்டில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அரிவாள்மனையை மடக்கிவிட்டு, "என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன். காது கேட்காதது மாதிரிக் கேட்டால் சில பேர் மாற்றிச் சொல்வார்கள். இவர் மாற்றவில்லை.

"இரண்டாம் பதிப்பு போறோம் மேடம். அந்தப் பொம்பள நடுகல் விஷயம் மட்டும் உறுத்துது. ஒரு பேராசிரியர் நாலு பக்கத்துக்குக் கிழிச்சிருக்கார். அப்படி ஒரு கல்லே கிடையாதாம், நீங்களா கட்டிவிட்டதாம். அப்படியே இருந்தாலும் அது உடன்கட்டை ஏறினவளோட கல்லாத்தான் இருக்கணுமாம். திங்கட்கிழமைக்குள்ள ஒரு போட்டோ குடுங்க. இல்லேன்னா ஆறுக்கு அப்புறம் எட்டை வச்சிடுவோம்."

எனக்கு வந்த கோபத்தில் கத்தரிக்காய் கறுத்துப் போனது. நான் சரித்திர நாவல் எழுதுகிறவள். அறுபத்தொரு வயது, தேய்ந்த முழங்கால். அரண்மனை, அந்தப்புரம், மாறுவேட இளவரசன் எல்லாம் எனக்கு ஆகாது. எனக்குப் பிடித்தது கல்லும் முள்ளும் காற்றும். ஊர் மாட்டை ஓட்டிப்போக வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவருக்கு ஊரார் நட்டு வைத்த கல் இருக்கிறதே, அதன் முன்னால் நின்றால்தான் எனக்குக் கதை வரும்.

பதினெட்டு வருஷத்துக்கு முன் சூளகிரிப் பக்கம் ஒரு கேழ்வரகுக் கொல்லையின் வரப்பில் அந்தக் கல்லைப் பார்த்தேன். ஒரே ஒரு உருவம். பெண். இடது பக்கம் சரிந்த கொண்டை, கை நிறைய வளையல், வலது கையில் வாள், காலடியில் மூன்று மாடு. பக்கத்தில் புருஷன் கிடையாது. அவள் யாருடைய சிதையிலும் ஏறவில்லை, மாட்டை மீட்கப் போய்ச் செத்திருக்கிறாள். திரும்பி வரும்போது மழையில் நனைந்து பிலிம் ரோல் பாழாய்ப் போனது. மிஞ்சியது நோட்டில் நான் கிறுக்கிய படம். அதைக் காட்டினால் பேராசிரியர் சிரிப்பார்.

புதன்கிழமை கிளம்பினேன்.

கிருஷ்ணகிரியில் பஸ் மாறும்போதே மாம்பழக் கூழ் வாசனை மூக்கில் ஏறியது. ஊர் முழுக்க ஜூஸ் குடித்துவிட்டு வாய் கழுவாமல் இருக்கிற வாசனை. ஓசூர் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டுக்காரர் போனில் தமிழில் ஆரம்பித்து, கன்னடத்தில் சண்டை போட்டு, தெலுங்கில் சமாதானமாகி வைத்தார். எங்கள் ஊரில் ஒரே மொழியில் ஆரம்பித்த சண்டையே மூன்று தலைமுறைக்கு முடியாது.

"மூக்கண்டப்பள்ளி எல்லாம் எறங்கு!" என்று கண்டக்டர் கத்தினார். பஸ் சர்வீஸ் ரோட்டுக்குள் போகாமல் நெடுஞ்சாலை ஓரத்திலேயே நின்றது. நின்றது என்று சொல்வதும் மரியாதைக்குத்தான். நான் ஒரு காலைத் தரையில் வைத்தேன், பஸ் போய்விட்டது, பை தரையில் விழுந்தது. உள்ளே மைக்குப்பி நொறுங்கியது.

அந்த மை எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். கல்லின் மேல் ஈரத்தாளை ஒட்டி, பிரஷால் தட்டித் தட்டிப் பள்ளங்களுக்குள் இறக்கி, தாள் பாதி காய்ந்ததும் மேலே மை ஒற்றினால், மேடெல்லாம் கறுப்பாகவும் பள்ளமெல்லாம் வெள்ளையாகவும் கல் அப்படியே தாளில் வந்துவிடும். மைப்படி என்பார்கள். அதற்கென்று கொண்டுவந்த கெட்டித் தாள் இரண்டு. ஒன்று மையில் குளித்துவிட்டது. ஒன்றுதான் மிச்சம். நடுரோட்டில் நின்று கண்டக்டரின் ஏழு தலைமுறையையும் திட்டினேன். ஒரு கண்டெய்னர் லாரி ஹாரன் அடித்து ஆமோதித்தது.

தங்கியது ஷமீமின் மாடி அறையில். கீழே மெஸ். ஷமீமுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பர்தாவின் மேல் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் மூன்று கம்பெனிகளுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறாள். நான் வந்த காரியத்தைக் கேட்டவள், "கல்லைத் தேடியா இம்மாந்தூரம்? எங்க ஊர்ல கல்லுக்கு என்னாக்கா பஞ்சம்?" என்றாள். ராத்திரிக்குக் களியும் அவரைக்காய்ச் சாறும் போட்டாள். நான் களியை மென்றேன். "ஐயே, மெல்லக்கூடாதுக்கா! உருட்டி, சாத்துல தோச்சு, அப்படியே முழுங்கணும். மென்னா இன்னைக்குள்ள முடியாது." தஞ்சாவூர்க்காரிக்குச் சாப்பிடக் கற்றுக்கொடுக்க இன்னொரு ஊர் வேண்டியிருந்தது. மூன்றாவது உருண்டையில் கற்றுக்கொண்டேன்.

வியாழக்கிழமை ஷமீமின் ஸ்கூட்டரில் போனோம். எந்த ஊர், எந்த மலை என்று எழுத மாட்டேன். எழுதினால் அடுத்த மாசமே கடப்பாரையோடு புதையல் தோண்ட வந்துவிடுகிறார்கள். சூளகிரிக்கு அப்பால் ஓரிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கொல்லை இல்லை. வரப்பு இல்லை. கேழ்வரகு இருந்த இடத்தில் வரிசையாகக் காம்பவுண்டுச் சுவர்கள், மேலே முள்கம்பிச் சுருள். ஒரு சுவருக்கும் அடுத்த சுவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. டீக்கடைக்காரரிடம் கேட்டேன். கன்னடத்தில் பதில் சொன்னார். ஷமீம் தமிழில் சொன்னாள்: "அந்தக் காலத்துக் கல்லெல்லாம் மண்ணு நெரவும்போது அடியில போயிருக்கும், இல்ல அஸ்திவாரத்துக்கு ஒடச்சிருப்பாங்கன்றார்."

பேராசிரியர் நாலு பக்கம் எழுதியபோது வராத அழுகை அங்கே வந்தது. அவள் ஒரு தடவை மாட்டுக்காகச் செத்தாள், இன்னொரு தடவை அஸ்திவாரத்துக்காகவா?

அழுதுகொண்டே ஊர் திரும்புகிற ஜாதி நான் இல்லை. "நீ சாப்பாட்டைக் குடுத்துட்டு வாம்மா, நான் மலை ஏறப் போறேன்" என்றேன். ஷமீம் என் முழங்காலைப் பார்த்தாள். "யானைக் கூட்டம் இந்தப் பக்கந்தான் சுத்துதாம்க்கா." "வரட்டும்." "வந்தா ஓடுவீங்களா?" "மாட்டேன்." "அதான் சொல்றேன்."

ஏறினேன். டாக்டர் ஏறக்கூடாது என்றார், மகன் ஏறக்கூடாது என்றான், முழங்காலும் ஏறக்கூடாது என்றது. மூன்று பேரையும் கேட்காமல் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். எங்கள் பக்கம் உயரமான இடம் என்றால் கோயில் கோபுரமும் ஆற்றங்கரையும்தான். இங்கே பூமி எலும்பைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. பாறைச் சூட்டில் பூண்டு வாசனை மாதிரி ஒரு செடி வாசனை. மேலே போகப்போக நெடுஞ்சாலை இரைச்சல் குறைந்து காற்றின் இரைச்சல் மட்டும் நின்றது.

உச்சிக்குக் கீழே கல்வீடுகள். பலகைக் கல்லை நான்கு பக்கமும் நிறுத்தி, மேலே ஒரு பாறையை மூடி, முன்பக்கம் வட்டமாக ஓட்டை போட்ட ஈமச்சின்னங்கள். எந்த ராஜாவும் கட்டியதில்லை. செத்துப்போன தன் மனுஷருக்காக ஒரு கூட்டம், இத்தனை பெரிய பாறையை இத்தனை உயரத்தில் தூக்கி வைத்திருக்கிறது. ஆடு மேய்க்கிற ஒரு பெண் தெலுங்கில் என்னமோ சொன்னாள். அதற்குள் மூச்சு வாங்க வந்து சேர்ந்த ஷமீம் சொன்னாள்: "இதுல முழம் ஒசரத்துக் குள்ளருங்க குடியிருந்தாங்களாம். வெயிலுக்கு உள்ள குந்துங்க, அவுங்க ஒண்ணும் சொல்லமாட்டாங்கன்றா."

உள்ளே உட்கார்ந்து ஷமீம் கொண்டுவந்த களியைச் சாப்பிட்டேன், மெல்லாமல். வட்ட ஓட்டை வழியாகப் பார்த்தால் கீழே பூராவும் நீலக் கூரை, வெள்ளைக் கூரை. அப்போதுதான் அது கண்ணில் பட்டது. இரண்டு கூரைகளுக்கு நடுவே, ஒரு காம்பவுண்டுக்கு உள்ளே, கவிழ்த்துப் போட்ட அண்டா மாதிரி ஒரு பாறை, நடுவில் ஒரு வெடிப்பு. என் நோட்டைப் பிரித்தேன். கல்லுக்குப் பின்னால் நான் கிறுக்கியிருந்த பாறை அதேதான்.

"ஷமீம், அது எது?"

அவள் கண்ணைச் சுருக்கினாள். "அட! அது நான் இப்ப சோறு குடுத்துட்டு வந்த கம்பெனிக்கா. கியர் பண்றாங்க. அந்தப் பாறைகிட்டதான் வேடியப்பன் சாமி இருக்குது. வெள்ளிக்கெழம ஷிப்ட்டு மாறச்சே பூசை."

இந்தப் பக்கம் நடுகல்லை வேடியப்பன் என்றுதான் கும்பிடுவார்கள். "சாமி எப்படி இருக்கும்?"

"கல்லுதான்க்கா. கத்தி புடிச்சிக்கினு. பெரிய மீசை வச்சிக்கினு."

மீசை என்றதும் என் முகம் விழுந்ததை அவள் பார்த்துவிட்டாள். "நாளைக்குப் பாத்துக்கலாம், எறங்குங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை. கம்பெனி கேட்டில் ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர் ஒருவர் காவல் அதிகாரி. என் போனை வாங்கிக் கேமரா மேல் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டினார். "உள்ள போட்டோ எடுக்கக்கூடாதுங்க மேடம். ஸ்டிக்கர் கிழிஞ்சா ஷமீம் பாஸ் கேன்சல். அவங்க பேர்லதான் நீங்க உள்ள போறீங்க." நான் சுருட்டி வைத்திருந்த தாளை விரித்துப் பார்த்தார். "இது என்னா?" "வெறும் தாள்." பதிவேட்டில் 'வெள்ளைத் தாள், ஒன்று' என்று எழுதிக்கொண்டார். போட்டோதானே கூடாது? எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது.

சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பாறை. அதன் முன்னால் சிமெண்ட் மேடை. மேடையில் என் கல்.

ஐயோ, என்ன கோலம்! உடம்பு பூராவும் இயந்திரத்துக்கு அடிக்கிற பச்சை எனாமல். கைகளுக்குக் காக்கி முழுக்கைச் சட்டை. மார்பில் வெள்ளிப் பெயிண்டில் கவசம். மாடுகள் எச்சரிக்கைப் பலகையின் மஞ்சள். முகத்தில், காதுக்குக் காது, முறுக்கிய மீசை.

நான் இரண்டு அடி வைத்தேன். "மேடம், மேடம்! கோடு!" என்று ஒருவர் ஓடிவந்தார். தரையைப் பார்த்தேன். இயந்திரங்களைச் சுற்றிப் போடுவது மாதிரியே மேடையைச் சுற்றி மஞ்சள் கோடு. பக்கத்தில் அழகான எழுத்தில்: 'பெண்கள் இக்கோட்டைத் தாண்டக் கூடாது.' கோட்டுக்கு வெளியே நீல ஓவர்கோட் போட்ட பெண் தொழிலாளிகள் பதினைந்து இருபது பேர் கைகூப்பி நின்றார்கள்.

ஓடிவந்தவர் முனிராஜ். ஃபிட்டர், ஐம்பதைத் தொடுகிற வயது. மீசை வைத்தவரும் கோடு போட்டவரும் அவர்தான். திட்டத் தயாராக வாயைத் திறந்தேன். அவர் சொன்னதைக் கேட்டு மூடிக்கொண்டேன்.

"இந்தக் கொல்லையில எங்கப்பா கூலிக்கு ஏரோட்டினாருங்க. நெலம் போச்சு, எனக்கு உள்ள வேலை குடுத்தாங்க. ஜேசிபிகாரன் இந்தக் கல்லைத் தள்ள வந்தான். நான் முன்னாடி படுத்துக்கினேன். அப்புறந்தான் இங்க நட்டோம். வேடியப்பன்னா ஒரு மீசை, ஒரு கெத்து வேணுங்களே? பெயிண்ட் ஷாப்புல மீந்தத வாங்கி நானே அடிச்சேன்."

அவர் படுக்காவிட்டால் கல்லே இல்லை. அந்த மனுஷனை எப்படித் திட்டுவது? ஆனாலும் சொன்னேன். "ஐயா, அது வேடியப்பன் இல்லை. பொம்பளை."

சுற்றி நின்ற ஆண்கள் சிரித்தார்கள். ஒருவர் தெலுங்கில் என்னமோ முனகினார், எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். நான் நோட்டைக் காட்டினேன். முனிராஜ் பார்த்தார். "நீங்க வரைஞ்சது நீங்க நெனச்ச மாதிரிதானங்க இருக்கும்?" என்றார். பேராசிரியரே ஃபிட்டர் சட்டை போட்டு வந்து நின்ற மாதிரி இருந்தது.

"சரி, பெயிண்டைச் சுரண்ட வேண்டாம். சாமியை நான் தொடவும் வேண்டாம். இந்தத் தாளை நீங்களே ஒட்டுங்க" என்று மைப்படி எடுப்பதை விளக்கினேன். மேட்டில் மை பிடிக்கும், பள்ளம் வெள்ளையாக நிற்கும் என்று சொல்லும்போதே அவர் கண் மலர்ந்தது.

"அட, இது நம்ம ப்ளூ மேட்சிங்குங்க! கியர் பல்லு சரியா உக்காருதான்னு பாக்க ப்ளூ தடவி ஒத்தி எடுப்போம். மேடா இருக்கற எடம் மட்டும் ப்ளூ புடிக்கும். உங்ககிட்ட மை இருக்குதா?"

"பஸ்ஸில் உடைஞ்சு போச்சு."

"எதுக்கு மை? டப்பா டப்பாவா ப்ளூ வச்சிருக்கோம்."

நான் கோட்டுக்கு வெளியே நின்று கத்தினேன், அவர் உள்ளே செய்தார். கல்லைக் கழுவித் தாளை நனைத்து ஒட்டினார். பெயிண்ட் பிரஷால் தட்டினார். "இன்னும் மெல்ல! கிழிஞ்சா வேற தாள் கிடையாது!" பாதி காயும்வரை எல்லோரும் நின்றோம். முதல் ஷிப்ட் பஸ் ஹாரன் அடித்தது, யாரும் போகவில்லை. எனக்கு ஒரே பயம், பத்து வருஷப் பெயிண்ட் வளையல் கோடுகளை அடைத்திருக்குமோ என்று. துணிப் பொட்டலத்தில் துளி நீலத்தைத் தொட்டு, கியரில் ஒற்றுவது போலவே முனிராஜ் ஒற்றினார். என்ன கை அது! எனக்குச் சொல்லிக்கொடுத்தவருக்கே அந்தக் கை கிடையாது.

முதலில் மாடுகள் வந்தன. பிறகு வாள். பிறகு காக்கிச் சட்டை இருந்த இடத்தில் வெள்ளைக் கோடுகள், ஒன்று, இரண்டு, முழங்கைவரை அடுக்கடுக்காக. "வளையலு" என்று என் பின்னால் ஒரு பெண் குரல் கேட்டது. முனிராஜின் கை நின்றது. மறுபடி ஒற்றினார். கவசம் இருந்த இடத்தில் கவசம் இல்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டார். கடைசியாக முகம். ஒற்றினார், ஒற்றினார், மீசையை மட்டும் காணோம். வழவழவென்று நீலக் கன்னம், சின்ன உதடு, சரிந்த கொண்டை.

"நல்லாப் பாருப்பா, சரியா புடிக்கல போல" என்றார் ஒரு பெரியவர்.

"ப்ளூ பொய் சொல்லாதுங்க" என்றார் முனிராஜ். தாளை உரித்து எங்கள் பக்கம் திருப்பிப் பிடித்தார். "தெரியாம மீசை வச்சிட்டனே தாயே" என்று கல்லைப் பார்த்துச் சொன்னார்.

பெரியவர் விடவில்லை. "பொம்பள சாமியாவே இருக்கட்டும். ஆச்சாரம்னு ஒண்ணு இருக்குதில்ல? கோடு கோடுதான்."

நீல ஓவர்கோட்டுப் பெண்களில் ஒருத்தி, செல்வி, விழுப்புரத்துப் பக்கத்துப் பெண், அசெம்பிளி லைனில் வேலை. அவள் கேட்டாள்: "ஏண்ணா, பொம்பள வந்தா ஆம்பள சாமிக்கு ஆகாதுன்னுதான கோடு போட்டீங்க? இப்ப சாமியே பொம்பளன்னா, கோட்டுக்கு வெளிய நிக்க வேண்டியது நீங்கதான?"

முனிராஜ் மேடையிலிருந்து இறங்கினார். தாளைச் செல்வியிடம் கொடுத்துவிட்டு, கோட்டைத் தாண்டி வெளியே வந்து நின்றார். செல்வி செருப்பைக் கழற்றினாள். அவள் பின்னால் ஒவ்வொருத்தியாகப் போனார்கள். நானும் போனேன். கல்லின் மேல் கை வைத்தேன், பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு. ஒற்றும்போது ஓரத்தில் வழிந்திருந்த நீலம் என் கையில் ஒட்டியது. அழுதேன், மறைக்கவில்லை. பூசையைப் பெண்களே செய்தார்கள். யாருக்கும் மந்திரம் தெரியாது. கற்பூரம் காட்டினார்கள், ஒருத்தி தன் வளையலைக் கழற்றி வைத்தாள். ஷமீம் கோட்டுக்கு வெளியே நின்று, "பாத்து அக்கா, படி வழுக்குது" என்றாள்.

தாளைச் சுருட்டப் போனேன். செல்வி கையைப் பிடித்தாள்.

"அக்கா, இத நீங்க எடுத்துக்கினு போயிட்டா, தீபாவளிக்குள்ள மறுபடி மீசை வந்துரும். முனிராஜண்ணன் வைக்கமாட்டாரு, வேற யாராச்சும் வைப்பாங்க. இது இங்க இருந்தா யாரும் வாயத் தொறக்க முடியாது."

திங்கட்கிழமை. ஏழாவது அத்தியாயம். ஒரே தாள். "வெளிய கொண்டுபோய் ஒரு போட்டோ எடுத்துட்டுத் திருப்பித் தரேன்" என்றேன். "வெளிய போன பொருள உள்ள கொண்டுவர மேனேஜர் கையெழுத்து வேணும்க்கா. அவர் போடவே மாட்டாரு." என் போனைப் பார்த்தேன். சிவப்பு ஸ்டிக்கர். நகத்தால் கீறினால் போதும். ஷமீமைப் பார்த்தேன், அவள் வேறெங்கோ பார்த்தாள். கீறவில்லை.

யாருக்காக எழுதினேன் அந்த அத்தியாயத்தை? பேராசிரியருக்கா? தாளைச் செல்வியிடமே கொடுத்தேன். பாறைக்குப் பக்கத்துச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டுவதாக முனிராஜ் சொன்னார். கேட்டில் காவல் அதிகாரி பதிவேட்டைப் பார்த்து, "தாள் எங்கங்க மேடம்?" என்றார். "உள்ளேதான் இருக்கு, அங்கேயே இருக்கும்" என்றேன்.

சனிக்கிழமை கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் பதிப்பாசிரியர் போன் வந்தது. போனைப் பிடித்த கை இன்னும் நீலம். அது ஒரு வாரத்துக்குப் போகாதாம்.

"கல்லு கிடைச்சுதா மேடம்? போட்டோ?"

"கல்லு இருக்கு. போட்டோ இல்லை."

"அப்ப ஏழாவது அத்தியாயம்..."

"இருக்கும். அதை எடுத்தா மிச்சம் இருபதையும் எனக்குத் திருப்பி அனுப்பிடுங்க, நான் வேற இடம் பார்த்துக்கிறேன். உங்க பேராசிரியருக்கு ஆதாரம் வேணும்னா ஏதாவது ஒரு வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்கு நானே கூட்டிட்டுப் போறேன். செல்வின்னு ஒரு பொண்ணு காட்டும். ஆனா ஒண்ணு சொல்லிடுங்க. தரையில ஒரு மஞ்சள் கோடு இருக்கும். அவர் அதுக்கு வெளியேதான் நிக்கணும்."